மைனர் டிகிரியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அக்கா மகள் சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு முடிக்கிறாள். போன மாதம் ஒரு படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உடனே போன் செய்தாள். “மாமா, அஞ்சாவது செம்ல இருந்து மைனர் எடுக்கலாம்னு சொல்றாங்க. எது எடுக்கட்டும்? அப்பா வேண்டவே வேண்டாங்கிறார்.”

அத்தானிடம் பேசினேன். “நாலு வருஷம் பணம் கட்டிப் படிக்க வைக்கிறது மேஜர் டிகிரிக்கா, மைனர் டிகிரிக்கா? கடைசியில சின்ன டிகிரியாக் குடுத்துட்டா எந்தக் கம்பெனியில எடுப்பான்?” என்று கேட்டார். மைனர் என்பது சொந்தத் துறையோடு இன்னொரு துறையிலும் சில பாடங்கள் படிப்பது. அத்தானோ அதை எடுத்தால் பி.இ. பட்டம் குறைந்துபோகும் என்று நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மைனர் என்ற சொல் தமிழில் இத்தனை நாள் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது அதைத்தான்.

யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் “மைனர் ஆபரேஷன்தான்” என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று பொருள். பத்திரப் பதிவில் “மைனர் சொத்து” என்றால் 18 வயது நிரம்பாதவருடைய சொத்து. தெருவில் “பெரிய மைனரு” என்றால் வெள்ளை ஜிப்பாவும் சென்ட் வாசமுமாகத் திரிகிற சொகுசு ஆள். அவர் கழுத்தில் கிடக்கிற சங்கிலிக்கும் மைனர் செயின் என்றே பெயர்.

இந்தக் கடைசிப் பொருள் தமிழ்நாட்டில் விளைந்தது. ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால், ஜமீனைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பு ஏற்று நடத்தும். சென்னை மாகாணத்தில் 1804ஆம் ஆண்டு ஒழுங்குவிதியிலேயே இதற்கு ஏற்பாடு இருந்தது. 1902இல் தனிச் சட்டமே வந்தது. 1875ஆம் ஆண்டு வயதுவரம்புச் சட்டத்தில் மற்றவர்களுக்கு 18 வயது என்றால், இந்த அமைப்பின் பொறுப்பில் இருந்தவர்களுக்கு 21. ஆக, மீசை முளைத்த பிறகும் அந்த இளைஞர் காகிதத்தில் ‘மைனர்’தான். உழைக்க வேண்டியதில்லை, சொத்து மட்டும் காத்திருக்கிறது. ஊர் அவரை மைனர் என்றே கூப்பிட்டது. சட்டச் சொல் அவருடைய நடை உடை பாவனைக்கும் பெயராகிவிட்டது.

மூலத்துக்குப் போனால் இது லத்தீன் சொல். ‘மினோர்’ என்றால் ஒப்பிடும்போது சிறியது. அதன் எதிர் ‘மாயோர்’, அதாவது பெரியது. மேஜர் அதிலிருந்து வந்தது. மைனஸ், மினிமம் எல்லாம் மினோரின் உறவுக்காரச் சொற்கள். இந்த இரண்டையும் கல்வியில் சோடியாகச் சேர்த்தது அமெரிக்கா. 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், அடுத்த ஆண்டே தன் பாடத்திட்ட வெளியீட்டில் மேஜர், மைனர் என்று பாடங்களைப் பிரித்தது. மாணவர்களே பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே அப்போது பரவிக்கொண்டிருந்தது. எதையாவது கொஞ்சம் கொஞ்சம் கொறித்துவிட்டுப் போகாமல், ஒன்றில் கூடுதலாகவும் இன்னொன்றில் ஓரளவாகவும் கற்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. அங்கே ‘மைனர்’ என்றால் குறைவான எண்ணிக்கையிலான பாடங்கள். தரம் குறைந்தது என்ற எண்ணமே அதில் இல்லை.

இந்த ஏற்பாடு நமக்கும் புதிதல்ல, பெயர்தான் புதிது. நம் கலைக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணிதம் படித்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும் “மெயின் மேக்ஸ், ஆன்சிலரி பிசிக்ஸ்” என்பார். பின்னால் ஆன்சிலரி போய் அலைடு வந்தது. ஆன்சிலரி என்ற சொல்லின் வேரில் இருப்பது ‘ஆன்கில்லா’, லத்தீனில் பணிப்பெண். அலைடு என்றால் கூட்டாளி. மைனர் என்றால் சிறியது. இரண்டாவது பாடம் ஒன்றுதான். ஆனால் ஒரு சொல் அதை வேலைக்காரியாகப் பார்க்கிறது, ஒன்று நண்பனாகப் பார்க்கிறது, ஒன்று அளவை மட்டும் பார்க்கிறது. தமிழில் அலைடு பாடத்துக்குச் ‘சார்புப் பாடம்’ என்று வைத்தார்கள். முதன்மைப் பாடத்தைச் சார்ந்து நிற்பது. நல்ல சொல், நிலைத்தும் விட்டது. ஆனால் சார்புப் பாடம் பட்டப்படிப்புக்குள்ளேயே கட்டாயமாக அடங்குவது. அதைப் படிக்காமல் பட்டம் கிடையாது.

பொறியியலில் இப்போது வந்திருக்கும் மைனர் அப்படியல்ல. தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏஐசிடிஇ வகுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் பி.இ., பி.டெக். பட்டத்துக்கு 160 கிரெடிட். அதற்கு மேல் இன்னொரு துறையில் 18 முதல் 20 கிரெடிட் வரை கூடுதலாகப் படித்து முடித்தால், பட்டத்தோடு அந்தத் துறையின் மைனரும் சேரும். வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட். மூன்று கிரெடிட் பாடங்கள் ஆறு என்று வைத்துக்கொண்டால் 18 கிரெடிட். பருவத்துக்குப் பதினைந்து வாரம் என்றால் 270 மணி நேரம் வகுப்பு மட்டும். ஆய்வகமும் தேர்வும் தனி. அத்தான் பயந்தது எதுவும் இதில் நடப்பதில்லை. 160இல் ஒரு கிரெடிட்கூடக் குறையாது. மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். (சில ஐஐடிகளில், விருப்பப் பாடங்களையே ஒரு துறையில் குவித்து மைனராக்கிக்கொள்ளும் முறையும் உண்டு.)

ஆனர்ஸ் என்பதையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். தன் துறைக்குள்ளேயே கூடுதல் பாடங்கள் படித்தால் ஆனர்ஸ். அடுத்த துறையில் படித்தால் மைனர். ஆனர்ஸுக்கு நமக்கு ஏற்கெனவே ‘சிறப்பு’ இருக்கிறது. இலங்கையில் சிறப்புப் பட்டம் என்று இயல்பாகவே எழுதுகிறார்கள்.

சரி, மைனருக்கு என்ன எழுதுவது? ‘சிறு பட்டம்’ என்று சில இடங்களில் பார்த்தேன். சிறுகனிமம், சிறுபாசனம் என்று அரசு ஆவணங்களில் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே பொருந்தும், ஏனென்றால் அங்கே அளவுதான் பேச்சு. பட்டத்துக்குச் ‘சிறு’ என்று முன்னால் வைத்தால் அத்தானின் பயம் அச்சில் ஏறிவிடும். ‘சிறுபான்மைப் பாடம்’ என்று எழுதினால், உரையாசிரியர்கள் காலத்தில் ‘அருகி வருவது’ என்று புரிந்திருக்கும். இன்றைக்கு மக்கள்தொகைதான் நினைவுக்கு வரும். ‘இளம் பட்டம்’ என்றால் இளநிலைப் பட்டத்தோடு போய் முட்டும்.

எனக்குத் ‘துணை’தான் சரியாகப் படுகிறது. கீழ்நிலை என்ற வாடை அதில் அடிக்காது. பல்கலைக்கழகத்தை அன்றாடம் நடத்துகிறவரே துணைவேந்தர்தான். வினைச்சொல்லில் துணைவினை இல்லாமல் ‘வந்துவிட்டான்’ என்று சொல்ல முடியாது. எழுத்திலேயே பாருங்கள்: ‘க’ பக்கத்தில் நிறுத்துகிற ‘ா’ குறிக்குத் துணைக்கால் என்று பெயர். தனியாக எழுதினால் அதற்கு ஒலி கிடையாது. ககரத்தோடு நின்றால் ‘கா’ பிறக்கிறது, ககரமும் காணாமல் போவதில்லை. சிவிலோடு ஒரு மைனர் சேர்வது எப்படியென்று யாராவது கேட்டால் நான் இந்தத் துணைக்காலைத்தான் காட்டுவேன்.

துணைக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு: அளவு. ‘தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர்’ என்ற குறளில் துணை என்பது அளவைத்தான் குறிக்கிறது. தினை அளவு, பனை அளவு. கூட நிற்பது, இத்தனை அளவுள்ளது என்ற இரண்டையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது. லத்தீன் மினோருக்கு அளவு மட்டும்தான் தெரியும். இந்த இடத்தில் நம் சொல் மூலச்சொல்லைவிட நிறைவாக இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

ஒரே இடைஞ்சல், ‘துணைப்பாடம்’ என்று எழுதினால் பள்ளித் தமிழ்ப் புத்தகத்தின் கதைப் பகுதிதான் பலருக்கு ஞாபகம் வரும். இப்போது அது விரிவானம் ஆகிவிட்டது, ஆனாலும் பழைய நினைவு போகாது. ‘துணைத்தேர்வு’ என்றால் தோற்றவர்கள் எழுதுவது. அதனால் பாடம், தேர்வு என்பதை விட்டுவிட்டு, துறையோடு சேர்த்துத் ‘துணைத்துறை’ என்று சொல்லலாம். மேஜர் முதன்மைத்துறை, மைனர் துணைத்துறை. சான்றிதழைக் குறிக்கும்போது ‘துணைத்துறைப் பட்டம்’. “சிவில் முதன்மைத்துறை, புவித்தகவலியல் துணைத்துறை” என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தடையில்லாமல் வருகிறது. (புவித்தகவலியல் என்றால் வரைபடம், செயற்கைக்கோள் படம் போன்ற நிலத் தகவல்களைக் கணினியில் கையாளும் துறை.)

பெயர் மாறினால் கேள்வியும் மாறுகிறது, அதுதான் எனக்கு முக்கியம். மைனர் என்று நினைக்கிற மாணவர் “எது டிமாண்டு? எது ஈசி?” என்று கேட்கிறார். துணைத்துறை என்று நினைத்தால் “எதற்குத் துணை?” என்று கேட்டே ஆக வேண்டும். மெக்கானிக்கல் படிக்கிறவருக்கு மின்வாகனத்தில் ஆசை இருந்தால், மோட்டாரும் பேட்டரியும் கன்ட்ரோலரும் புரிய எலெக்ட்ரிக்கல் பக்கம் துணை வேண்டும். அவரே நண்பர்கள் எல்லாரும் எடுக்கிறார்கள் என்று பிளாக்செயின் எடுத்தால், 270 மணி நேரமும் அவருடைய துறைக்குப் பக்கத்தில் வராமலே கழிந்துபோகும். வேறு துறைக்கே மாற நினைக்கிறவருக்கும் இது பயன்படும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். அரசுப் பணி அறிவிப்பில் கேட்கிற பட்டத்துக்குத் துணைத்துறை பொதுவாக ஈடாகாது. அங்கே முதன்மைத்துறையைத்தான் பார்ப்பார்கள்.

அக்கா மகளிடம் நான் கேட்டதும் அந்த ஒரு கேள்விதான். அவள் பட்டியலில் டேட்டா சயின்ஸ், ரோபாட்டிக்ஸ், புவித்தகவலியல் மூன்றும் இருந்தன. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ஊர்க் கண்மாயைப் போன வருடம் சர்வே கேம்ப்பில் அளந்ததைச் சொன்னாள். கரையோரம் வெயிலில் மூன்று நாள் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்து எடுத்த எல்லையை, பழைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். எப்படி வைப்பது என்று வகுப்பில் யாருக்கும் தெரியவில்லையாம். “அது தெரிஞ்சா தண்ணி எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்குன்னு காட்டிடலாம் மாமா” என்றாள். கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான் என்று சொன்னேன். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

படிவத்தில் புவித்தகவலியலை நிரப்பிவிட்டாள். பெற்றோர் கையெழுத்துக்காக அத்தானிடம் நான்தான் மறுபடி பேசினேன். இந்தத் தடவை மைனர் என்று சொல்லவில்லை, துணைத்துறை என்றேன்.

“அப்ப சிவில், சிவிலாவே இருக்கும்ல?”

“இருக்கும் அத்தான். கூட ஒன்னு நிக்கும்.”

பேனாவை எடுத்துவரச் சொல்லி மகளைக் கூப்பிட்டது போனில் கேட்டது.