கிருமிநீக்கத் துணைவிளைபொருள்: சொல் விளக்கம்

"கிருமிநாசினி எச்சங்கள் புற்றுநோயை உண்டாக்கும்" என்ற வாக்கியத்தை, குடிநீர் பற்றிய மொழிபெயர்ப்புகளில் இன்னொரு முறை படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

இப்படிக் 'கிருமிநாசினி எச்சம்' என்று பெயர்க்கப்படும் மூலச்சொல் 'டிஸ்இன்ஃபெக்‌ஷன் பைபிராடக்ட்'. இன்ஃபெக்‌ஷனுக்கு வேரான இலத்தீன் வினைக்குச் சாயத்தில் தோய்த்தல், கறைப்படுத்தல் என்று பொருள். அந்தக் கறையைப் போக்குவது டிஸ்இன்ஃபெக்‌ஷன். பைபிராடக்ட், ஒன்றைச் செய்யும்போது கூடவே உண்டாகிற பொருள். வேர் ஆராய்ச்சி இத்துடன் போதும்.

சிக்கல் 'எச்சம்' என்பதில்தான். தொட்டியில் கலந்த குளோரின் வீட்டுக் குழாய்வரை கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். வழியில் குழாய் விரிசலுக்குள் சாக்கடை கசிந்தால் நம்மைக் காப்பது அதுதான். குழாயடியில் சிறு குப்பியில் நீர் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று ஊழியர் பார்ப்பதும் அதைத்தான். எச்சம் என்றால் இந்த எஞ்சிய குளோரின். அதைப் புற்றுநோய்க் காரணி ஆக்கிவிட்டால், குளோரினே வேண்டாம் என்று வாசகர் சொல்லமாட்டாரா? அப்புறம் காலராவுக்கு யார் பதில் சொல்வது?

துணைவிளைபொருள் வேறு. இலைதழை மட்கி நீரில் கரைந்த கரிமப் பொருளோடு குளோரின் வினைபுரிவதால் பிறக்கும் புதிய சேர்மம் அது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் குடிநீர் நிறுவனத்தின் வேதியியலர் யோஹன்னஸ் ரூக் 1974இல் இதை வெளிப்படுத்தினார். அந்நிறுவனம் சுத்திகரித்த ஆற்றுநீரில், குளோரின் சேர்த்த பிறகு, குளோரோஃபார்மும் அதன் உறவுச் சேர்மங்களும் உருவாகியிருந்தன. ஒரு காலத்தில் அறுவை மேசையில் மயக்க மருந்தாக இருந்த அதே குளோரோஃபார்ம். டிரைஹாலோமீத்தேன்கள் எனப்படும் இந்தச் சேர்மங்களுக்கு அமெரிக்கா 1979இல் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வகுத்தது. பிறகு 80 ஆகக் குறைத்தது. இவை அதிகமுள்ள நீரைப் பல்லாண்டுகள் குடித்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் இதுவேதான் என்பது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. இதற்குப் பயந்து கிருமிநீக்கத்தில் கைவைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

'பக்கவிளைவு' என்பாரும் உண்டு. அது மருந்து உடலில் செய்யும் வேலை; நாம் பேசுவதோ நீரில் கரைந்திருக்கும் பொருள். 'நாசினி' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. நாசினி ஊற்றப்படும் பொருளின் பெயர். இவை பிறப்பது செயலின்போது. குளோரினுக்குப் பதில் ஓசோனைச் செலுத்தினாலும், நீரில் புரோமைடு உப்பு இருந்தால் புரோமேட் என்ற துணைவிளைபொருள் உண்டாகும். ஆகவே 'நீக்கம்'தான் பொருந்தும். கிருமி வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் இலங்கைத் தமிழர் போலத் 'தொற்றுநீக்கம்' என்று எழுதட்டும், எனக்குத் தடையில்லை. 'துணை' என்றால் உதவியல்லவா என்கிறார்கள். துணைநதி எந்த நதிக்கு உதவுகிறது?

தனித்தமிழா கலப்பா என்பதல்ல என் சண்டை. ஒரே கட்டுரையில் மேலே "எச்சம் 0.2 இருக்க வேண்டும்" என்றும் கீழே "எச்சம் ஆபத்து" என்றும் எழுதிவிட்டு, இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார்க்காமலேயே அச்சுக்கு அனுப்புகிறார்களே, அதுதான்.