இரண்டாவது கடைக்குச் சாவி யார் கையில்?

2019 ஜனவரி 30 அன்று ஃபேஸ்புக் ஊழியர்கள் தங்கள் ஐபோனில் அலுவலகச் செயலிகளைத் தொட்டபோது அவை திறக்கவில்லை. அலுவலகப் போக்குவரத்துக்கான செயலி, வெளியிடாத புதிய பதிப்புகளைச் சோதிக்கும் செயலி என எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோயின. சர்வர் பழுதாகவில்லை, யாரும் ஊடுருவவும் இல்லை. ஃபேஸ்புக்கிற்குக் கொடுத்திருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழை, அதாவது செயலிகள் ஐபோனில் ஓடுவதற்கான அனுமதிச் சீட்டு போன்ற ஒன்றை, ஆப்பிள் ரத்து செய்திருந்தது. ஊழியர்களின் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கொடுத்த அந்தச் சான்றிதழைக் கொண்டு, வெளியாட்களுக்குப் பணம் கொடுத்து அவர்களுடைய போன் பழக்கங்களைச் சேகரிக்கும் செயலி ஒன்றை ஃபேஸ்புக் பரப்பியிருந்தது. மறுநாள் அதேபோன்ற காரணத்துக்காகக் கூகுளின் சான்றிதழும் ரத்தானது. இரண்டு நிறுவனங்களுக்கும் சீக்கிரமே சான்றிதழ் திரும்பக் கிடைத்துவிட்டது.

அந்த நடவடிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது காட்டிய வேறொரு விஷயம் அன்றிலிருந்து என் மனதில் நிற்கிறது. அவ்வளவு பெரிய நிறுவனம் தானே எழுதி, தன் ஊழியர்களின் போனில் தானே நிறுவிய செயலியைக்கூட, மூன்றாவது ஒருவர் எங்கிருந்தோ நிறுத்த முடிகிறது. செயலிக் கடைகளைப் பற்றி இன்று பல நாடுகளில் நடக்கும் சட்டப் போராட்டம் முழுவதும் இந்த ஒரு அதிகாரத்தைச் சுற்றித்தான். அது எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் சட்டங்கள் என்ன கேட்கின்றன என்பதும் விளங்கும்.

செயலி என்பது கடைசியில் ஒரு கோப்பு. அந்தக் கோப்பு முழுவதையும் ஒரு கணக்கு முறைக்குள் செலுத்தினால் குறிப்பிட்ட நீளத்தில் ஓர் எண் வரும். இதை ஹேஷ் என்பார்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். ஒரு ரகசியச் சாவியை வைத்து அந்த எண்ணின் மீது இன்னொரு கணக்கைப் போட்டால் கிடைப்பது டிஜிட்டல் கையொப்பம். ரகசியச் சாவிக்கு ஜோடியாக ஒரு பொதுச் சாவி உண்டு. பொதுச் சாவியை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் கையொப்பம் உண்மையா என்று சரிபார்க்கலாம். புதிதாக ஒரு கையொப்பத்தைப் போட முடியாது.

ஐபோனின் சிப் தயாராகும்போதே, பிறகு அழித்து எழுத முடியாத ஒரு நினைவகப் பகுதியில் ஆப்பிளின் பொதுச் சாவி பதிக்கப்படுகிறது. போனை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது அந்தப் பகுதியில் இருக்கும் நிரல்தான். அது அடுத்த நிரலின் கையொப்பத்தைப் பார்த்து, சரியென்றால் மட்டும் ஓடவிடும். அது அதற்கடுத்ததைப் பார்க்கும். இப்படிச் சங்கிலியாகப் போய் இயங்குதளம் எழுந்திருக்கும். அப்புறம் நாம் திறக்கும் ஒவ்வொரு செயலியையும் அந்த இயங்குதளம் சோதிக்கும். சங்கிலியின் கடைசிக் கண்ணி ஆப்பிளின் சாவியில் போய் முடியாவிட்டால் செயலி ஓடாது. ஆக, ஆப் ஸ்டோர் என்பது நாம் பார்க்கும் முகப்பு மட்டுமே. அந்த ஐகானை அழித்தாலும் பூட்டு அப்படியே இருக்கும், ஏனென்றால் பூட்டு கடையில் இல்லை, போனுக்குள் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு வேறு பாதையில் போனது. அங்கே செயலியை எழுதியவர் தன் சொந்தச் சாவியாலேயே கையொப்பமிடுகிறார். ‘இவர் யார்?’ என்று போன் கேட்பதில்லை. அடுத்த அப்டேட் வரும்போது ‘முதலில் போட்டவர்தான் இதையும் போட்டாரா?’ என்று மட்டும் கேட்கும். அதனால்தான் ஆண்ட்ராய்டில் ஆரம்பத்திலிருந்தே வேறு கடைகள் இருக்க முடிந்தது. திறமூல மென்பொருள்களுக்கான எஃப்-டிராய்டு 2010 முதல் இயங்குகிறது. கதவு பூட்டப்படவில்லை, ஆனால் வழியில் எச்சரிக்கைத் திரைகளும் அனுமதி கேட்கும் பொத்தான்களும் நின்றன. போன் தயாரிப்பாளர்களோடு கூகுள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அதன் சொந்தக் கடையை முன்வரிசையில் வைத்தன. இந்த வகை ஒப்பந்தங்களுக்காகத்தான் 2018இல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தது.

இங்கே நிறுத்தி ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ‘வேறு கடைகளை அனுமதித்தால் போனின் பாதுகாப்பு போய்விடும்’ என்பது அடிக்கடி கேட்கும் வாதம். போனின் பாதுகாப்பு ஒரே சுவர் அல்ல. கையொப்பம் ஒரு சுவர். சாண்ட்பாக்ஸ் வேறொரு சுவர். கையொப்பம் சொல்வதெல்லாம் ‘இதை அனுப்பியது யார், நடுவில் யாராவது மாற்றினார்களா’ என்பதுதான். ஒரு செயலி உள்ளே வந்த பிறகு எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பது சாண்ட்பாக்ஸ். ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை. அடுத்த அறையின் கோப்புகள் அதற்குத் தெரியாது. கேமரா, மைக், தொடர்பு எண்கள் வேண்டுமென்றால் நம்மிடம் கேட்டாக வேண்டும். இந்த விதிகளை அமல்படுத்துவது இயங்குதளம். செயலி எந்தக் கடையிலிருந்து வந்தது என்று அது பார்ப்பதில்லை. இரண்டாவது கடை திறந்தாலும் சாண்ட்பாக்ஸ் இடியாது.

கையொப்பம் சரியாக இருந்தும் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஐபோன் செயலிகளை எழுதப் பயன்படும் எக்ஸ்கோட் என்ற மென்பொருளின் திருத்தப்பட்ட நகல் 2015இல் சீனாவில் பரவியது. அதைப் பயன்படுத்தியவர்களின் செயலிகளுக்குள் அவர்களுக்கே தெரியாமல் தீநிரல் புகுந்துகொண்டது. அந்தச் செயலிகள் முறைப்படி பரிசோதனையைத் தாண்டி, முறைப்படி கையொப்பம் பெற்று, ஆப் ஸ்டோரிலேயே வெளியாயின. அவற்றை 12.8 கோடிப் பேர் இறக்கியிருந்தார்கள் என்பது பிற்பாடு நீதிமன்ற வழக்கில் வெளிவந்த ஆவணங்களில் தெரிந்தது. அனுப்பியவர் யார் என்ற கேள்விக்கு அங்கே சரியான பதிலே இருந்தது. அனுப்பியதில் என்ன இருந்தது என்பதற்கு இல்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாண்ட்பாக்ஸ் தடுக்க முடியாத ஆபத்து ஒன்று இருக்கிறது: நாமே ஏமாந்து அனுமதி கொடுப்பது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று அழைத்து, ஒரு லிங்க் அனுப்பி, செயலியை நிறுவச் சொல்லி, திரையைப் படிக்கும் அனுமதியையும் கேட்டு வாங்கிவிடுவார்கள். இதில் எந்தச் சுவரும் உடைவதில்லை, நாமே கதவைத் திறக்கிறோம். இப்படிப்பட்ட மோசடிச் செயலிகளை வடிகட்டுவது கடையின் வேலை. ஆகவே இரண்டாவது கடையும் ஒரு நல்ல கடையாக இருந்தாக வேண்டும். அந்தக் கடையின் யோக்கியதையைத் தீர்மானிக்கும் உரிமை அதனுடைய போட்டியாளரிடம் மட்டுமே இருக்கலாமா என்பதுதான் கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இந்தக் கேள்விக்குள் நேரடியாக இறங்கியது. 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், ஒன்றியத்துக்குள் மாதம் 4.5 கோடிக்கு மேல் பயனர்களும் ஆண்டுக்கு 10,000க்கு மேல் வணிகப் பயனர்களும் கொண்ட பெருந்தளங்களை நடத்தும் நிறுவனங்களை, வருமானமோ சந்தை மதிப்போ குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், ‘வாயிற்காவலர்’ என்று அறிவிக்கிறது. 2023 செப்டம்பர் 6 அன்று வெளியான முதல் பட்டியலில் ஆப்பிளும், கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டும் இருந்தன. 2024 மார்ச் 7க்குள் அவை விதிகளுக்கு உட்பட வேண்டும்; மீறினால் உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 10% வரை அபராதம்.

அதன் 6ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவுதான் இங்கே முக்கியம். வேறு செயலிகளையும் வேறு செயலிக் கடைகளையும் நிறுவ அனுமதிக்க வேண்டும் என்கிறது அது. கூடவே, கருவிக்கும் இயங்குதளத்துக்கும் ஆபத்து வராமல் நிறுவனம் நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் அது கண்டிப்பாகத் தேவையானதாகவும் அளவோடும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த ‘தேவையானது, அளவோடு’ என்ற இரண்டு சொற்களுக்குள்தான் அதற்குப் பிறகான சண்டை எல்லாம் நடக்கிறது.

2024 மார்ச் தொடக்கத்தில் வந்த, ஐபோன் இயங்குதளத்தின் புதிய பதிப்பான ஐஓஎஸ் 17.4 ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் வேறு கடைகளை அனுமதித்தது. தொழில்நுட்ப ரீதியாக அதன் அமைப்பு கவனித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. புதிய கடை தானே ஒரு செயலி. அதை அதன் இணையதளத்திலிருந்து இறக்க வேண்டும். இறக்கிய பிறகும் அந்தக் கடை வேறு செயலிகளைத் தன் கையால் நிறுவ முடியாது. ‘இதை நிறுவு’ என்று இயங்குதளத்திடம் கேட்கும், இயங்குதளம் நம்மிடம் ஒரு திரை காட்டி உறுதி செய்துகொண்டு நிறுவும். அந்தக் கடையில் வைக்கும் ஒவ்வொரு செயலியும் முதலில் ஆப்பிளிடம் போய் ஒரு சோதனையைத் தாண்டி, ஆப்பிளின் கையொப்பத்தோடு திரும்ப வேண்டும். இதற்கு நோட்டரைசேஷன் என்று பெயர். மேக் கணினிகளில் ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கும் முறையைப் போன்றதுதான்: தீநிரல் இருக்கிறதா, சொன்ன வேலையைச் செய்கிறதா என்று மட்டும் பார்ப்பது, உள்ளடக்கம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

கவனியுங்கள், கடை மாறியது, சாவி மாறவில்லை.

அதன் விளைவு உடனே தெரிந்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ், ஆப்பிளோடு 2020 முதல் வழக்காடி வரும் நிறுவனம். ஐரோப்பாவில் கடை திறக்க அது தயாரானபோது, 2024 மார்ச்சில் அதன் ஸ்வீடன் கிளையின் டெவலப்பர் கணக்கை, அதாவது செயலிகளை ஆப்பிளிடம் அனுப்பிக் கையொப்பம் பெறத் தேவையான கணக்கை, ஆப்பிள் முடக்கியது. ஐரோப்பிய ஆணையம் விளக்கம் கேட்டதும் ஓரிரு நாளில் கணக்கு திரும்பக் கிடைத்தது. ஜூலையில் எபிக் தன் கடையைச் சோதனைக்கு அனுப்பியது. ‘இன்ஸ்டால்’ பொத்தான் ஆப் ஸ்டோரின் பொத்தானைப் போல இருக்கிறது என்பது உட்படக் காரணங்கள் சொல்லி அது நிராகரிக்கப்பட்டதாக எபிக் பகிரங்கமாக அறிவித்தது. அதன் பிறகே ஒப்புதல் வந்தது. தீநிரலைத் தேடும் சோதனை பொத்தானின் தோற்றத்தையும் பார்க்கத் தொடங்கினால், அது தேவையான அளவைத் தாண்டிவிட்டது என்பது என் கருத்து.

அடுத்தது பணம். 2008இல் 500 செயலிகளோடு திறந்த ஆப் ஸ்டோரின் வழக்கமான கமிஷன் 30%. சிறு உருவாக்குநர்களுக்கு 2021 முதல் 15%. வெளிக்கடைக்குப் போக விரும்புவோருக்கு ஆப்பிள் வேறொரு கட்டணம் வைத்தது. ஆண்டுக்கு 10 லட்சம் நிறுவல்களைத் தாண்டினால் அதன் பிறகான ஒவ்வொன்றுக்கும் 50 சென்ட். ஒரு செயலியை ஆண்டுக்கு 20 லட்சம் பேர் நிறுவினால் 5 லட்சம் யூரோ கட்ட வேண்டியிருந்தது, செயலி இலவசமாக இருந்து ஒரு காசு வராவிட்டாலும். வருமானமே இல்லாதவர்களுக்குப் பின்னர் விலக்கு தரப்பட்டது. மாற்றுக் கடைகளுக்கோ அந்த 10 லட்சச் சலுகைகூடக் கிடைக்கவில்லை, முதல் நிறுவலிலிருந்தே கட்டணம். அதனால்தான் 2024 ஏப்ரலில் திறந்த ஆல்ட்ஸ்டோர் பால் என்ற சிறு கடை, உள்ளே வரவே ஆண்டுக்கு 1.50 யூரோ வாங்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கடை இலவசமாக இருக்கும்போது நுழைவுக் கட்டணம் வாங்கும் கடைக்குள் எத்தனை பேர் வருவார்கள்?

தென்கொரியாவும் இந்தப் பாடத்தை முன்பே கற்றது. 2021இல் உலகிலேயே முதலாக, கடைக்காரரின் பணம் செலுத்தும் முறையைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. கூகுள் வேறு முறைகளை அனுமதித்தது. கமிஷனில் 4 சதவீதப் புள்ளிகளை மட்டும் குறைத்தது. 30% கொடுத்தவர் 26% கொடுத்துவிட்டு, பணம் வாங்கும் செலவையும் தானே ஏற்க வேண்டியிருந்தது. சட்டம் சொன்னது நடந்தது, ஆனால் மாறிப்போக யாருக்கும் காரணம் இல்லாமல் போனது.

பணத்துக்கு அடுத்தபடியாக எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது விரல் தட்டல்களின் கணக்கு. ஐபோனில் தன் கடையை நிறுவ 15 படிகள் தேவைப்படுகின்றன என்று எபிக் புகார் சொல்லி வந்தது. நடுவில் எச்சரிக்கைத் திரை, பிறகு செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் அனுமதி, மறுபடியும் இணையதளம். 2025இல் ஐஓஎஸ் 18.6 வந்தபோது படிகள் 6 ஆகின. எபிக் சொல்லும் கணக்குப்படி, பாதியில் விட்டுப் போகிறவர்கள் 65 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைந்தார்கள். இது வழக்காடும் ஒரு தரப்பின் எண் என்பதை மறக்கக்கூடாது. இருந்தாலும், திரைகளின் வரிசையை மாற்றுவதும் சட்டத்தின் விளைவை மாற்றும் என்பதை இது காட்டுகிறது.

இவ்வளவு தடைகளுக்கு நடுவிலும் போட்டி வந்ததற்கு அடையாளம் உண்டு. பழைய வீடியோ விளையாட்டுக் கருவிகளைப் போலச் செயல்படும் எமுலேட்டர் செயலிகளை ஆப் ஸ்டோர் ஆண்டுக்கணக்கில் அனுமதித்ததில்லை. ஆல்ட்ஸ்டோர் பால் அப்படி ஒரு எமுலேட்டரோடு திறக்கச் சில நாட்களுக்கு முன்பு, 2024 ஏப்ரலில், ஆப்பிள் அந்த விதியை உலகம் முழுவதற்கும் தளர்த்தியது. வேறு கடை எதையும் நிறுவாதவர்களுக்கும் அதனால் பலன் கிடைத்தது.

வழக்குகள் தொடர்கின்றன. வெளியில் மலிவாகக் கிடைக்கும் சலுகையைப் பயனர்களுக்குத் தெரிவிக்கவிடாமல் உருவாக்குநர்களைத் தடுத்ததற்காக 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆப்பிள் மேல்முறையீடு செய்திருக்கிறது. அமெரிக்காவில் எபிக் தொடுத்த வழக்கில் கூகுளின் கடை சட்டவிரோத ஏகபோகம் என்று 2023 டிசம்பரில் ஜூரி ஒருமனதாகச் சொன்னது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்து, பிளே ஸ்டோருக்குள்ளேயே வேறு கடைகளை வைக்க அனுமதிக்கும்படி உத்தரவிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதி செய்து, அந்த உத்தரவை நீக்கிவிட்டது. வேறு கடைகளுக்கு வழிவிடச் சொல்லும் ஜப்பானின் சட்டம் 2025 டிசம்பர் 18 அன்று முழுமையாக அமலுக்கு வந்தது.

இதற்கிடையில் ஆண்ட்ராய்டு எதிர்த்திசையில் ஓரடி வைத்திருக்கிறது. எந்தக் கடையில் விற்றாலும், கடையே இல்லாமல் கொடுத்தாலும், செயலியை எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, பிறகு மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோவது திட்டம். மோசடிக்காரர்கள் பெயர் மாற்றிப் பெயர் மாற்றி வருவதைத் தடுக்க இது உதவும் என்பது கூகுளின் வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் ‘இவர் யார்?’ என்று இதுவரை கேட்காத போன் இனி கேட்கும், பதிலைக் கூகுளின் பட்டியலில் தேடும். எஃப்-டிராய்டு போன்ற தன்னார்வக் கடைகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. பதிவு செய்யாத செயலிகளையும், ஆபத்தைத் தெரிந்துகொண்டு நிறுவ விரும்புவோருக்குத் தனி வழி ஒன்று இருக்கும் என்று 2025 நவம்பரில் கூகுள் சொன்னது. அந்த வழி செட்டிங்ஸில் எத்தனை திரைகளுக்குப் பின்னால் இருக்கும் என்பதைத்தான் இப்போது நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.