பணிமுடிந்த எரிபொருள்: 'ஸ்பென்ட் ஃபியூவல்' என்ற சொல்லும் அதன் உரிமையும்

கூடங்குளம் பற்றிய செய்திகளில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் வருகின்றன. ஒரு நாளிதழ் அதை 'அணுக்கழிவு' என்கிறது, அடுத்தது 'பயன்படுத்தப்பட்ட எரிபொருள்' என்கிறது, அரசு அறிக்கையின் தமிழாக்கத்தில் 'செலவிடப்பட்ட எரிபொருள்' என்று இருக்கிறது. மூன்றும் ஆங்கிலத்தின் 'ஸ்பென்ட் நியூக்ளியர் ஃபியூவல்' என்பதைத்தான் சொல்ல வருகின்றன. ஆனால் அணுத்துறைச் சட்டங்களிலும் நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தங்களிலும் 'ஸ்பென்ட் ஃபியூவல்' வேறு, 'வேஸ்ட்' வேறு. வெளிநாட்டு நிறுவனம் கட்டித்தரும் உலையில் எது யாருக்குச் சொந்தம், யார் எதைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

முதலில் பொருள். கூடங்குளத்தில் இருப்பது வி.வி.இ.ஆர்.-1000 என்ற ரஷ்ய வகை உலை. அதன் கருவத்தில் அறுகோண வடிவில் 163 எரிபொருள் கட்டுகள் நிற்கின்றன. ஒவ்வொரு கட்டும் சுமார் 4.5 மீட்டர் உயரம். கட்டுக்குள் 300-க்கு மேற்பட்ட மெல்லிய ஸிர்க்கோனியக் கலவைக் குழாய்கள், குழாய்களுக்குள் யுரேனியம் டை ஆக்சைடு வில்லைகள். இயற்கை யுரேனியத்தில் 0.7 விழுக்காடுதான் யுரேனியம்-235. இந்த உலைக்கு அதை 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே வரை செறிவூட்டிக் கொண்டுவருகிறார்கள்.

ஒரு கட்டு உலையில் மூன்று, நான்கு ஆண்டுகள் இருக்கும். எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு முறையும் எல்லாக் கட்டுகளையும் மாற்றுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளியே போகும். மீதியை இடம் மாற்றி அடுக்கிப் புதியவற்றைச் சேர்ப்பார்கள். வெளியே எடுப்பதற்குக் காரணம் யுரேனியம் காலியாகிவிட்டது என்பதல்ல. அணுப்பிளவில் உண்டாகும் செனான், சமாரியம் போன்ற தனிமங்களின் சில வகைகள் நியூட்ரான்களை விழுங்குகின்றன. யுரேனியம்-235 குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் தொடர்வினையைத் தாங்கும் திறன் போதாமல் போகிறது. இன்னொரு பக்கம், வாயுக்கள் சேர்ந்து குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது, வில்லைகள் உப்புகின்றன, ஸிர்க்கோனியச் சுவர் வெளியே ஆக்சைடாகி, உள்ளே ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைகிறது. குழாய் விரிசல் விட்டால் சீசியமும் அயோடினும் குளிர்விப்பு நீரில் கலந்துவிடும். அதற்கு முன்பே வெளியே எடுத்தாக வேண்டும்.

அப்படி எடுத்த கட்டில் என்ன இருக்கிறது? எடையில் சுமார் 95 விழுக்காடு யுரேனியம்தான். சுமார் 1 விழுக்காடு புளுட்டோனியம். 3 முதல் 4 விழுக்காடு பிளவுப் பொருள்கள். நெப்டூனியம், அமெரிசியம், கியூரியம் போன்றவை மிகச் சிறிய அளவில். கடும் கதிர்வீச்சும் வெப்பமும் பெரும்பாலும் அந்த 3, 4 விழுக்காட்டிலிருந்து வருகின்றன. பல்லாயிரம் ஆண்டு நச்சு பெரும்பாலும் புளுட்டோனியத்திலும் அமெரிசிய வகையறாவிலும் இருக்கிறது. 'செலவிடப்பட்ட' என்று மொழிபெயர்த்தால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று படிப்பவர் நினைப்பார். தீர்ந்தது மிகச் சிறிய பங்குதான்.

உலையை நிறுத்தினாலும் இந்தக் கட்டுகள் அடங்குவதில்லை. நிறுத்திய நொடியில் முழு வெப்பத்திறனில் 6, 7 விழுக்காடு தொடர்ந்து வெளிவரும். 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் அது ஏறக்குறைய 200 மெகாவாட். ஒரு நாளில் அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும்; ஒரு வாரம் கழித்தும் சில மெகாவாட் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் கட்டுகளை நீருக்கு மேலே தூக்காமல், நீருக்கடியிலேயே நகர்த்தி, உலைக்கட்டடத்துக்குள் இருக்கும் போரிக் அமிலம் கலந்த குளத்தில் இறக்குகிறார்கள். நீர் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, கதிர்வீச்சையும் தடுக்கிறது. போரான் நியூட்ரான்களை உறிஞ்சித் தொடர்வினை மீண்டும் எழாமல் காக்கிறது. 2011-இல் ஃபுக்குஷிமாவில் நான்காம் உலையின் குளத்தில் புதியதும் பழையதுமாக 1,535 கட்டுகள் இருந்தன. நீர் வற்றிவிடுமோ என்ற அச்சம்தான் அந்த நாட்களில் உலகத்தை நடுங்க வைத்தது. கடைசிக் கட்டு அங்கிருந்து வெளியேறியது 2014 டிசம்பரில்.

பத்தாண்டுகள் ஆறிய கட்டுக்கு அருகில் மறைப்பில்லாமல் நின்றால் சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கும் அளவு கதிர்வீச்சு ஏறிவிடும். 'இது கழிவு அல்ல, எரிபொருள்தான்' என்ற விளக்கம் சட்டப்படி சரியாக இருக்கலாம். அதை ஆபத்து குறைவு என்பதற்கான சான்றாகப் பயன்படுத்துவது தவறு. இதைவிடக் கதிர்வீச்சு மிகுந்த பொருள் ஓர் அணுமின் நிலையத்தில் வேறெதுவும் இல்லை.

சொல்லின் பிறப்பு

ஆங்கிலத்தின் 'ஸ்பெண்ட்' லத்தீனின் 'எக்ஸ்பெண்டெரே'யிலிருந்து வந்தது. நிறுத்துக் கொடுத்தல் என்பது அதன் முதல் பொருள். நாணயத்தை எடைபோட்டுச் செலுத்திய காலத்துச் சொல். பின்னர் 'ஸ்பென்ட்' ஆற்றல் தீர்ந்ததையெல்லாம் குறித்தது: சுட்டு முடிந்த தோட்டா, சாறு இறங்கிய தானியம். அணுத்துறை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. ரஷ்ய மொழியில் 'அத்ரபோதாவ்ஷெயே யாதெர்னயே தோப்லிவோ' என்கிறார்கள். 'ரபோத்தா' என்றால் வேலை. தன் வேலையை முடித்த எரிபொருள் என்பது பொருள். பிரெஞ்சில் 'கொம்புஸ்திப்ள் யூசே', பயன்படுத்திய எரிபொருள். ஜப்பானியரின் 'ஷியோஸுமி' பயன்பாடு முடிந்தது என்கிறது. கட்டுகளிலிருந்து யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுக்கும் மறுசுத்திகரிப்பைச் செய்யும் நாடுகளின் மொழிகள் எதிலும் இந்தப் பெயருக்குள் 'கழிவு' இல்லை.

தமிழில் 'கழிவு' கழிதல், கழித்தல் என்னும் வினைகளிலிருந்து வருவது. நாள் கழிகிறது, பத்தில் மூன்றைக் கழிக்கிறோம், இலங்கையில் கடைக்காரர் தரும் தள்ளுபடிக்கும் கழிவு என்றே பெயர். வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்து நீக்கியது கழிவு. சர்வதேச அணுசக்தி முகமையின் வரையறையும் இதே இடத்தில்தான் நிற்கிறது: இனி எந்தப் பயனும் எதிர்பார்க்கப்படாத கதிரியக்கப் பொருளே கதிரியக்கக் கழிவு. அதாவது பொருளின் வேதியியல் அதைக் கழிவாக்குவதில்லை. உரிமையாளரின் முடிவு ஆக்குகிறது. ஒரே கட்டு பின்லாந்தில் கழிவு, இந்தியாவில் மூலப்பொருள். 1997-இல் உருவாகி 2001-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கூட்டு ஒப்பந்தத்தின் பெயரிலேயே 'ஸ்பென்ட் ஃபியூவல்', 'ரேடியோஆக்டிவ் வேஸ்ட்' இரண்டும் தனித்தனியாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஒப்பந்தங்களில் இந்தச் சொல்

கூடங்குளத்துக்கான முதல் ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988 நவம்பர் 20 அன்று கையெழுத்திட்டார்கள். அதன்படி பணிமுடிந்த எரிபொருள் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பிப் போக வேண்டும். சோவியத் ஒன்றியம் சிதைந்து, திட்டம் பத்தாண்டு தூங்கி, 1998 ஜூன் 21 அன்று துணை ஒப்பந்தம் வந்தபோது இந்தப் பகுதி மாறிவிட்டது: எரிபொருள் இந்தியாவிடமே இருக்கும். இந்தியா அதைக் கேட்டு வாங்கிய உரிமையாகப் பார்த்தது. புளுட்டோனியத்தைப் பிரித்து ஈனுலைகளுக்கு (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலைகள்) பயன்படுத்தும் இந்திய அணுத்துறையின் மூன்று கட்டத் திட்டத்துக்கு அது தேவை. திருநெல்வேலிக் கடற்கரையில் வாழ்பவர்களுக்கோ, கப்பலேற வேண்டிய பொருள் ஊரிலேயே தங்கிவிட்டது என்பது அதன் அர்த்தம். கூடங்குளத்தில் சேமிப்புக்கூடம் பற்றிய இன்றைய விவாதம் முழுக்க 1998-இன் அந்த மாற்றத்திலிருந்து முளைத்ததுதான். அதைச் சொல்லாமல் எழுதப்படும் செய்தி பாதிச் செய்தி.

மகாராஷ்டிரத்தின் தாராப்பூரில் கதை வேறு திசையில் சிக்கியது. அமெரிக்க நிறுவனங்கள் கட்டிய இரண்டு உலைகள் 1969-இல் ஓடத் தொடங்கின. அவற்றின் எரிபொருளை மறுசுத்திகரிக்க அமெரிக்காவின் இசைவும் வேண்டும் என்று 1963 ஒப்பந்தத்தை வாஷிங்டன் விளக்கியது. 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு எரிபொருள் வழங்கலே தடுமாறியது. 1982-இல் பிரான்ஸ் வந்து அந்த இடத்தை நிரப்பியது. கட்டுகள் உள்ளேயே குவிந்தன, தனிச் சேமிப்புக்கூடம் கட்ட வேண்டியதாயிற்று. எரிபொருள் வந்த நாடு, அது பணிமுடிந்த பிறகும் அதன்மீது ஒரு கையை வைத்திருக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று இது. 2010-இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட தனி ஏற்பாட்டில், அமெரிக்கச் சார்புள்ள எரிபொருளைச் சர்வதேசக் கண்காணிப்புக்கு உட்பட்ட தனி ஆலையில் மட்டுமே மறுசுத்திகரிக்கலாம் என்று முடிவானது.

ரஷ்யா மற்ற நாடுகளோடு வேறு மாதிரி ஒப்பந்தம் செய்கிறது. ஈரானின் புஷேருக்கு 2005-இலும், வங்கதேசத்தின் ரூப்பூருக்கு 2017-இலும், எரிபொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தனி உடன்பாடுகள் கையெழுத்தாயின. துருக்கியின் அக்குயூவில் ரஷ்யாவே கட்டி, உரிமை வைத்து, இயக்குவது என்பது ஏற்பாடு. அங்கும் பணிமுடிந்த எரிபொருளுக்கும் கழிவுக்குமாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.15 அமெரிக்க சென்ட் வீதம் நிதியில் சேர்க்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி.

இங்கேதான் சொல் முக்கியம். கதிரியக்கக் கழிவை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து புதைக்க ரஷ்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2001-இல் திருத்திய சட்டம் அனுமதித்தது எரிபொருள் கட்டுகளைத் தற்காலிகச் சேமிப்புக்கும் மறுசுத்திகரிப்புக்கும் கொண்டுவருவதைத்தான். எனவே 'ரஷ்யா கழிவைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்' என்று தமிழில் எழுதினால் அது தவறு. உலையில் சேரும் வடிகட்டிகள், அயனிப் பிசின்கள், கையுறைகள், ஆவியாக்கியின் அடிக்கசடு ஆகியவை கழிவு. அவை அந்தந்த நாட்டிலேயே சிமென்ட்டில் இறுகி நிலையத்தின் நிலத்தில் தங்கும். மறுசுத்திகரிப்பில் எஞ்சுவதைக் கண்ணாடியோடு உருக்கிச் செய்யும் கட்டிகளும் கழிவுதான். அவற்றைச் சொந்தக்கார நாட்டுக்கே திருப்பி அனுப்ப இடம் வைத்து எழுதுவது வழக்கம்.

இதை நடத்திக் காட்டியது பிரான்ஸ். லா ஆக் ஆலைக்கு ஜெர்மனியும் ஜப்பானும் எரிபொருளை அனுப்பின. அங்கே கட்டுகளைத் துண்டுபோட்டு, கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ட்ரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த எண்ணெயால் யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுத்தார்கள். எஞ்சிய அமிலக் கரைசலை உலர்த்தி, போரோசிலிக்கேட் கண்ணாடியோடு உருக்கி, 1.34 மீட்டர் உயர எஃகுக் கலங்களில் ஊற்றினார்கள். ஒரு கலத்தில் சுமார் 400 கிலோ கண்ணாடி. அந்தக் கலங்கள் ஜப்பானுக்கு 1995 முதல் கப்பலேறின. ஜெர்மனியின் கோர்லேபனுக்கு 2011 வரை ரயிலில் போயின, வழியெங்கும் போராட்டத்தோடு. போனது எரிபொருள், திரும்பியது கழிவு. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் இருந்தால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது.

பின்லாந்தின் லோவீசா சோவியத் வகை உலை. அதன் கட்டுகள் 1996 வரை ரஷ்யாவின் மயாக் ஆலைக்கு ரயிலேறின. 1994-இல் பின்லாந்து நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஏற்றுமதியையும் இறக்குமதியையும் தடுத்தது. திருப்பி எடுக்க ஆள் இருந்தும் அனுப்ப மாட்டோம் என்ற முடிவு அது. ஒல்கிலுவோட்டோவில் 400 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் பாறைக்குள் குடைந்த ஒன்காலோ என்ற புதைவிடம் அதன் விளைவு. அங்கே செம்புக் கலத்தில் அடைத்து, பென்டோனைட் களிமண்ணால் சுற்றி மூடப்போவது மறுசுத்திகரிக்காத கட்டுகளை. எனவே அங்கே அவற்றைக் கழிவு என்று சொல்வது முற்றிலும் சரி.

தமிழில் எதை எழுதுவது

'பயன்படுத்திய எரிபொருள்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, தவறும் இல்லை. ஒரு குறை: ஓராண்டு வேலை செய்து, இடம் மாறி மீண்டும் உலையில் நிற்கும் கட்டும் பயன்படுத்தியதுதான். 'செலவிடப்பட்ட' பணத்தை நினைவூட்டுகிறது. 'எரிந்து தீர்ந்த' என்பதில் இரண்டு சொல்லும் உண்மைக்கு மாறானவை. எங்கள் பரிந்துரை 'உலைப்பணி முடிந்த எரிபொருள்'. முதல் முறை முழுமையாக எழுதிவிட்டு, பிறகு 'பணிமுடிந்த எரிபொருள்' என்று சுருக்கலாம். உலையில் அதன் வேலை முடிந்தது என்று மட்டும் இது சொல்கிறது. அடுத்து அது மூலப்பொருளா கழிவா என்பதை முன்கூட்டியே தீர்ப்பதில்லை.

கூடவே இன்னொரு இணையும் பிரித்து எழுதப்பட வேண்டும். சேமிப்பு என்றால் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு வைப்பது. புதைப்பு என்றால் எடுக்கும் எண்ணமின்றி நிலைநிறுத்துவது. 'ஏ.எஃப்.ஆர்.' என்ற எழுத்துகள் குறிப்பது உலைக்கு அப்பாலான சேமிப்புக்கூடத்தை. 'டி.ஜி.ஆர்.' குறிப்பது ஆழ்நிலப் புதைவிடத்தை. கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இரண்டையும் தனித்தனியாகவே பேசுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, கோலார் தங்கச் சுரங்கம் ஆழ்நிலப் புதைவிடத்துக்கு ஆகும் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டதும் கர்நாடகம் கொதித்தது. அந்தப் பேச்சு பின்வாங்கப்பட்டது. கூடங்குளத்தில் கட்டுவது சேமிப்புக்கூடம். அதைப் 'புதைகுழி' என்று எழுதுவது தவறான செய்தி. புதைவிடம் எங்கே என்பது முடிவாகாத வரை அந்தச் சேமிப்பு எத்தனை காலம் என்ற கேள்வியைக் கேட்காமல் விடுவதும் குறைச்செய்தி. அதைக் கேட்கும்போது எழுத வேண்டிய வாக்கியம் இது: 'பணிமுடிந்த எரிபொருள் உலைக்கு அப்பாலான கூடத்தில் எந்த ஆண்டு வரை சேமிக்கப்படும், அங்கிருந்து எந்த மறுசுத்திகரிப்பு ஆலைக்குப் போகும், அங்கே பிரியும் கழிவு எங்கே புதைக்கப்படும்?'