நான்கு பங்கு பாதரசம், ஒரு பங்கு காட்மியம்

கோவிட் காலத்தில் பேரங்காடி வாசலில் நம் நெற்றியின் சூட்டைக் காட்டிய கேமரா அறை வெப்பநிலையிலேயே வேலை செய்ததே, அதே அகச்சிவப்புக் கதிரை உணரும் வேறு சில கருவிகளுக்கு மட்டும் திரவ நைட்ரஜன் எதற்கு என்று பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வாசலில் இருந்த வகைக் கேமராவுக்குள் இருப்பவை கதிர் பட்டால் சூடேறும் நுண்ணிய தகடுகள். சூடேறும்போது மாறும் மின்தடையை அளந்து படமாக்குகிறார்கள். மலிவானது, ஆனால் சற்று மந்தமானது. விரைவும் நுணுக்கமும் தேவைப்படும் இடத்தில் ஒளித்துகளான ஃபோட்டான் நேரடியாக ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிட வேண்டும். அதற்குக் குறைக்கடத்திதான் ஏற்றது.

குறைக்கடத்தியின் ஆற்றல் இடைவெளியை, அதாவது கட்டுண்ட எலக்ட்ரான் விடுபட்டு ஓடத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, தாண்டும் அளவுக்கு ஆற்றலுள்ள ஃபோட்டானை மட்டுமே அது விழுங்கும் என்பது பள்ளிப் பாடம். 1.24-ஐ எலக்ட்ரான் வோல்ட் என்ற நுண் ஆற்றல் அலகில் உள்ள இடைவெளியால் வகுத்தால், எத்தனை மைக்ரோமீட்டர் அலைநீளம் வரை அதற்குக் கண் தெரியும் என்ற எண் வந்துவிடும். சிலிக்கானின் இடைவெளி 1.1 என்பதால் அதன் பார்வை 1.1 மைக்ரோமீட்டர் அருகிலேயே முடிந்துவிடுகிறது. நம் உடலோ 9.3 மைக்ரோமீட்டர் அருகில்தான் மிகுதியாக ஒளிர்கிறது. அந்த ஃபோட்டானின் ஆற்றல் வெறும் 0.13 எலக்ட்ரான் வோல்ட்.

இவ்வளவு குறுகிய இடைவெளியை வேண்டிய அளவில் செய்துகொள்ளும் வழியை இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் ஆய்வாளர் லாசனும் அவருடைய சகாக்களும் 1959-இல் வெளியிட்டார்கள்: டெலுரியத்தோடு பாதரசம் சேர்ந்த பாதரச டெலுரைடையும் காட்மியம் சேர்ந்த காட்மிய டெலுரைடையும் ஒரே படிகமாகக் கலப்பது. என்னை எப்போதும் மயக்குவது இந்தக் கலவையில் பாதரசம் ஆற்றும் பங்கு. அதன் அணுக்கருவில் 80 புரோட்டான்கள் இருப்பதால், உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலாக ஓடுகின்றன. சார்பியல் கொள்கைப்படி அவற்றின் வட்டம் சுருங்குகிறது, அதே கோள வடிவம் கொண்ட வெளி எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டமும் சேர்ந்து கீழே இறங்கிவிடுகிறது. பாதரசம் அறை வெப்பநிலையில் திரவமாக இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். தைப்பூசக் கூட்டத்தில் ரசமணி விற்பவர் பாதரசத்துக்கு ஏற்றிச் சொல்லும் மகிமை எதுவும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

விடுபட்ட எலக்ட்ரான்கள் ஓடும் ஆற்றல் மட்டங்களான கடத்துபட்டையின் அடிவிளிம்பு அந்த வெளி எலக்ட்ரான் மட்டத்திலிருந்து பிறப்பது. ஆகவே பாதரச டெலுரைடில் அது கட்டுண்ட எலக்ட்ரான்கள் இருக்கும் இணைதிறன் பட்டைக்கும் கீழே இறங்கி, கடுங்குளிரில் இடைவெளி −0.3 என்று எதிர்மறையாகிவிடுகிறது. 48 புரோட்டான்களே உள்ள காட்மியத்தின் டெலுரைடிலோ அது 1.6. இரண்டின் அணு இடைத்தூரமும் ஏறத்தாழ 0.3 விழுக்காடே வேறுபடுவதால் எந்த விகிதத்திலும் படிகம் சிதையாமல் சேரும். காட்மியத்தைக் கூட்டக் கூட்ட இடைவெளி எதிர்மறையிலிருந்து பூச்சியத்தைக் கடந்து மேலேறும். டெலுரியத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நெடிய அகச்சிவப்புக்கு வேண்டிய கலவை நம் வீட்டு இட்லி மாவின் கணக்குதான்: நான்குக்கு ஒன்று.

ஆனால் இட்லி மாவில் ஒரு கைப்பிடி கூடினால் யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே காட்மியத்தின் பங்கு 0.20-இலிருந்து 0.22 ஆனாலே, நைட்ரஜன் குளிரில் பார்வையின் எல்லை சுமார் 15 மைக்ரோமீட்டரிலிருந்து 11-க்குச் சுருங்கிவிடும். எளிதில் ஆவியாகி ஓடும் பாதரசத்தை வைத்துக்கொண்டு இந்த விகிதத்தைத் தகடு முழுவதும் சீராகக் காப்பது பல ஆண்டு உழைப்பைக் கேட்கும் வேலை. 1972 முதல் பினாங்கின் பாயான் லெப்பாசில் சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் பழகிவிட்ட நாம், படிகம் வளர்ப்பவரின் பொறுமைக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம்.

இனி வாசகரின் நைட்ரஜன். அறை வெப்பத்தில் அணுக்களின் அசைவே ஏறத்தாழ 0.026 எலக்ட்ரான் வோல்ட். 0.1 அளவேயான இடைவெளியை அந்த அசைவின் துணையோடு எண்ணற்ற எலக்ட்ரான்கள் தாமாகவே தாண்டிவிடுவதால், ஃபோட்டான் கிளப்பிய எலக்ட்ரான் அந்த இரைச்சலில் காணாமல் போகும். திரவ நைட்ரஜன் தரும் 77 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அசைவு நான்கில் ஒரு பங்காகிறது. சிலிக்கானைக் குளிர்வித்தால் அதன் இடைவெளி அகலும்; பாதரசம் மிகுந்த இந்தப் படிகத்திலோ அது மேலும் குறுகி, இன்னும் நீண்ட அலைகளும் தெரியத் தொடங்கும்.

காட்மியம் கூடிய இதே கலவைதான் 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அண்மை அகச்சிவப்புக் கேமராவிலும் 5 மைக்ரோமீட்டர் வரை பார்க்கிறது. அங்கே நைட்ரஜனும் தேவைப்படவில்லை. சூரியத் திரையின் நிழலே அதை 40 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்துவிடுகிறது.