வானியல் ஒளிப்படம்: சொல்லும் அதன் எல்லையும்

‘அஸ்ட்ரோபோட்டோகிராபி’ என்று உலகெங்கும் வழங்கும் சொல்லுக்கு நிகராகத் தமிழில் நாம் எழுதுவது வானியல் ஒளிப்படக்கலை; அக்கலையால் கிடைக்கும் படம் வானியல் ஒளிப்படம். ஞாயிறு, திங்கள், கோள்கள், வால்மீன்கள், விண்மீன்கள், நெபுலாக்கள், விண்மீன் திரள்கள் ஆகியவற்றின் படங்கள் இப்பெயருக்கு உரியவை என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. நிலவைச் சுற்றித் தோன்றும் வளையம், மெரினாவில் கடல்மேல் எழும் ஞாயிறு, ஐப்பசி மாதத்து மின்னல், அந்திச் செம்முகில் ஆகியவற்றின் படங்களையும் இத்தொகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்கும்போதுதான் ஐயம் எழுகிறது. சென்னையில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. நகரத்து ஒளிமாசில் மங்கலான விண்மீன்கள் மறைந்துவிடுவதாலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் முகில்கள் வானை மூடிக்கொள்வதாலும், மொட்டைமாடியில் கேமராவுடன் நிற்கும் ஒருவருக்கு எளிதில் கிடைப்பவை திங்களும் முகிலும் அவ்விரண்டும் சேர்ந்த காட்சிகளுமே. பள்ளி வானியல் மன்றம் ஒன்று காட்சிப் பலகை அமைத்தால் மாணவர் கொண்டுவரும் படங்களில் பல இத்தகையவையாகவே இருக்கும். அவற்றை ஏற்பதா, விலக்குவதா என்று முடிவு செய்வதற்கு முன், பெயரின் முதற்பகுதியாகிய ‘வான்’ எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ‘வான்’ என்பதற்குத் தரும் பொருள்களில் ஆகாயம், மேகம், மழை ஆகிய மூன்றும் உள்ளன. திருக்குறளின் இரண்டாம் அதிகாரமாகிய ‘வான் சிறப்பு’ முழுவதும் மழையைப் பற்றியது. ‘வான்நின்று உலகம் வழங்கி வருதலால்’ என்ற தொடக்கத்தில் வான் என்பது மழையே. தெலுங்கில் ‘வான’ என்றால் மழை. கன்னடத்தில் ‘பான்’ என்றால் ஆகாயம். ஒரே திராவிட வேரிலிருந்து கிளைத்த சொல் ஒரு மொழியில் மழையாகவும் இன்னொன்றில் ஆகாயமாகவும் நிலைத்துவிட, தமிழ் இரண்டு பொருளையும் விடாமல் வைத்துக்கொண்டது. ‘வானம் பொய்த்துவிட்டது’ என்று இன்றும் உழவர் சொன்னால், மழை பெய்யவில்லை என்றே நாம் பொருள் கொள்கிறோம்.

இந்த வானோடு ‘இயல்’ சேர்ந்தால் வானியல். ‘நிலை’ சேர்ந்தால், புணர்ச்சியில் நகரம் மறைந்து, வானிலை. முன்னது விண்பொருள்களைப் பற்றிய அறிவு. பின்னது காற்று, வெப்பம், ஈரப்பதம், மழை ஆகியவற்றின் நிலை. அதை ஆராயும் துறை வானிலையியல். இரு துறைகளும் ஒரே முதற்சொல்லைப் பகிர்ந்துகொள்வதால்தான், வானில் தோன்றும் எதுவும் வானியலுக்கு உரியது என்ற எண்ணம் தமிழில் இயல்பாக வந்துவிடுகிறது. ‘வான்’ மழையையும் சுட்டுகிறதே, ‘விண்’ என்று மாற்றி ‘விண்ணியல்’ என்றால் தெளிவு கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்காது, ‘விண்இன்று பொய்ப்பின்’ என்று அதே வான் சிறப்பு அதிகாரத்தில் விண்ணும் மழையாகவே வருகிறது. இலங்கைத் தமிழர் வானிலைத் துறையை ‘வளிமண்டலவியல் திணைக்களம்’ என்று வழங்குகின்றனர். வளிமண்டலம் என்ற சொல் ஆய்வுப் பொருள் எது என்பதை ஐயமின்றிக் காட்டுவதால், நம் வழக்கைவிட அது திருத்தமானது என்பது என் கருத்து.

முன்னோர் இவ்விரண்டையும் ஒன்றாகவே பார்த்தனர் என்பதற்குச் சங்கப் பாடல்களே சான்று. பட்டினப்பாலையின் தொடக்கத்தில், ‘வயங்குவெண்மீன் திசைதிரிந்து தெற்கேகினும்’ என்று வெள்ளிக் கோளின் செலவைச் சொன்ன புலவர், அதே தொடரில் ‘வான்பொய்ப்பினும் தான்பொய்யா’ என்று மழைக்கும் காவிரிக்கும் வந்துவிடுகிறார். வெள்ளி தெற்கே சென்றால் மழை குறையும் என்பது அக்கால நம்பிக்கை. அக்கோளுக்கும் நம் மழைக்கும் தொடர்பில்லை என்பதை இன்று அறிவோம். ஆனால் அத்தொடர்பைத் தேடியவர்கள் இரண்டையும் கூர்ந்து கவனித்தவர்கள் என்பதில் ஐயமில்லை. புறநானூற்றின் 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் செலவு, அதன் இயக்கம், அதைச் சூழ்ந்த மண்டிலம், ‘வளி திரிதரு திசை’, ‘வறிது நிலைஇய காயம்’ ஆகியவற்றைச் சென்று அளந்தவர் போலச் சொல்வோர் உண்டு என்கிறார். ஞாயிற்றின் பாதையும் காற்றின் திசையும் ஒரே அறிவின் உறுப்புகளாக அங்கு அடுத்தடுத்து நிற்கின்றன.

கிரேக்கத்திலும் நிலைமை இதுவே. ‘மீட்டியோரோஸ்’ என்றால் உயரத்தில் இருப்பது என்று பொருள். அரிஸ்டாட்டில் வானிலை பற்றி எழுதிய நூலில் மழை, வானவில், நிலவு வளையம் ஆகியவற்றோடு வால்மீன், எரிகல் (இரவில் கோடிழுத்தாற்போல் ஒளிர்ந்து மறைவது), பால்வீதி ஆகியவையும் இடம்பெற்றன. திங்களுக்கு மேலே மாற்றமே நிகழாது என்று அவர் கருதியதால், மாறுவன அனைத்தையும் திங்களுக்குக் கீழே வைத்தார். 1577இல் தோன்றிய வால்மீன் திங்களைவிடத் தொலைவில் இருப்பதை டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகி அளந்து காட்டியதும் வால்மீன் வானியலுக்கு வந்தது. தரையில் வந்து விழும் விண்கற்கள் புவிக்கு வெளியிலிருந்து வருபவை என்று 1794இல் ஜெர்மானிய அறிவியலாளர் கிளாட்னி வாதிட்டார்; 1833ஆம் ஆண்டின் சிம்மராசி எரிகல் மழைக்குப் பிறகு, எரிகற்களும் வெளியிலிருந்தே வருகின்றன என்பது உறுதிப்பட்டது. பொருள் வானியலுக்கு இடம்பெயர்ந்த பிறகும், ‘மீட்டியர்’ என்ற பெயர் வானிலையியலின் ‘மீட்டியராலஜி’யோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எல்லைக்கோடு எப்போதும் ஓரிடத்தில் நின்றதில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இவ்விரு துறைகளும் ஒரே வளாகத்தில் வாழ்ந்த இடம் ஒன்று நம் நகரிலேயே இருக்கிறது. கிழக்கிந்திய கம்பெனி அலுவலர் வில்லியம் பெட்ரி 1786இல் தம் சொந்த முயற்சியில் தொடங்கிய வானாய்வு நிலையத்தைக் கம்பெனி ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்குக் கட்டடம் எழுப்பியது. அங்கே 1796 முதல் வானிலைக் குறிப்புகளும் ஒழுங்காகப் பதியப்பட்டன. அந்த வளாகத்திலிருந்துதான் 1861இல் நார்மன் போக்சன் ‘ஏசியா’ என்னும் சிறுகோளைக் கண்டார். 1867இல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும்பஞ்சம், பருவமழைக்கும் ஞாயிற்றின் இயல்புக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை அரசுக்கு அவசரமானதாக்கியது. கொடைக்கானலில் ஞாயிற்றாய்வு நிலையம் உருவானதற்கு அக்கேள்வியும் ஒரு காரணம். 1899இல் வானியல் பணி மலையேறிவிட, நுங்கம்பாக்கத்தில் வானிலை மட்டும் தங்கிற்று. இன்று புயல் எச்சரிக்கை வரும்போது நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் மண்டல வானிலை ஆய்வு மையம் அந்த வளாகத்தில்தான் இயங்குகிறது. கொடைக்கானல் நிலையமோ 1971 வரை வானிலைத் துறையின்கீழ்தான் இருந்தது. ஞாயிற்றின் கரும்புள்ளிகளைப் படமெடுத்தவர்களின் நிருவாகத் தலைமை வானிலைத் துறையே என்னும்போது, இரண்டும் ஒட்டே இல்லாதவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெயரின் பிற்பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘புகைப்படம்’ பரவலாக வழங்கினாலும், ஒளியால் வரைவது என்ற மூலப்பொருளுக்கு ஒத்தது ‘ஒளிப்படம்’. ‘போட்டோகிராபி’ என்ற சொல்லை 1839இல் அறிஞரிடையே பரவச் செய்தவர் ஜான் ஹெர்ஷல் என்ற வானியலாளரே.

இனி எல்லையை எங்கே வரைவது? காற்று மண்டலத்துக்கு உள்ளே நிகழ்வது வானிலை, வெளியே நிகழ்வது வானியல் என்று உயரத்தை அளவுகோலாகக் கொண்டால் அது உடனே உடைந்துபோகும். எரிகல் ஒளிர்வது ஏறத்தாழ 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில், நம் காற்றிலேயே. ஆயினும் அதை வானியலிலிருந்து நீக்க யாரும் துணியமாட்டார். முழுச் சந்திர கிரகணத்தில் திங்கள் செம்புநிறம் கொள்வது, புவியின் காற்று மண்டலம் வளைத்தனுப்பும் சிவப்பொளியால்தான். வானிலை என்ற தன்மையையே தடையாக வைத்தாலும் பயனில்லை. வியாழனின் பெருஞ்சிவப்புப் புள்ளி ஒரு புயல், ஆனால் அதன் படம் எந்த வானியல் தொகுப்பிலும் முதல் வரிசையில் இருக்கும்.

ஆகவே, படத்தில் உள்ள காட்சியை விளக்குவதற்குப் புவியின் காற்று மண்டலத்துக்கு அப்பாலுள்ள ஒன்றின் இயல்பையோ இயக்கத்தையோ சொல்லியாக வேண்டுமா என்று கேட்பதே பொருத்தமான அளவுகோல். சொல்லியாக வேண்டும் என்றால் அது வானியல் ஒளிப்படம். வேண்டாம் என்றால் வானிலைப் படம்.

மாலை ஞாயிறு மறைந்ததும் மெரினாவில் கிழக்கு நோக்கி நின்றால், கடல்மேல் கருநீலப் பட்டை ஒன்று எழுவதையும் அதற்கு மேலே இளஞ்சிவப்புப் பட்டை படர்வதையும் காணலாம். பார்ப்பவர் பலர் அதை மூட்டம் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். அது புவியின் நிழல். கிரகண நாளில் திங்கள்மேல் விழும் அதே நிழல்தான் காற்றின்மேல் விழுந்து தெரிகிறது. புவி, ஞாயிறு ஆகியவற்றின் நிலையைச் சொல்லாமல் அதை விளக்க முடியாது. எனவே அது வானியல் படம். கடலோர உதயத்தின் படமும் அவ்வாறே. அடிவானத்தில் காற்று ஒளியை ஏறத்தாழ 34 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) அளவுக்கு வளைக்கிறது. ஞாயிற்று வட்டத்தின் விட்டமோ ஏறத்தாழ 32 கலைதான். அதனால், வட்டத்தின் கீழ்விளிம்பு கடற்கோட்டைத் தொட்டு நிற்கும் அக்கணத்தில், கணக்கின்படி ஞாயிறு முழுவதும் இன்னும் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. விண்பொருளின் இடத்தை அளப்பவர் இவ்வளைவைக் கழித்தே கணக்கிட வேண்டும் என்பதால், அப்படத்தை நான் தயக்கமின்றி ஏற்பேன். 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயிலிருந்து படமெடுக்கப்பட்ட செந்நிறத் துருவ ஒளியும் இவ்வகையில் அடங்கும். ஒளிர்ந்தது நம் காற்று, ஒளிரவைத்தது ஞாயிற்றிலிருந்து வந்த துகள்.

நிலவு வளையம் இச்சோதனையில் தேறாது. தமிழ்ப் பேரகராதியில் ‘ஊர்கோள்’, ‘பரிவேடம்’ என்ற பெயர்களோடு இருக்கும் இக்காட்சியை, ‘நிலா கோட்டை கட்டியிருக்கிறது’ என்று ஊரார் சொல்வர். ‘அகல வட்டம் பகல் மழை’ என்பது பழமொழி. உயரத்துக் கீற்று முகில்களில் உள்ள அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை விலக்குவதால் 22 பாகை ஆரத்தில் வளையம் உண்டாகிறது. அங்கே திங்கள் விளக்கு மட்டுமே. வளையத்தின் அளவைத் தீர்மானிப்பது பனிப்படிகத்தின் வடிவம். பழமொழியும் இதை மழையோடுதான் சேர்த்தது. வானவில்லும் இப்படியே: 42 பாகை என்பது நீர்த்துளியின் கணக்கு. மின்னலைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை.

ராபர்ட் நெமிராஃப், ஜெரி பானெல் என்ற இரு வானியலாளர்கள் 1995 ஜூன் 16 முதல் நாசாவின் சார்பில் நாள்தோறும் ஒரு வானியல் படத்தை வெளியிட்டு வருகின்றனர். அவ்வரிசையில் வளையங்களும் வானவில்லும் மின்னலும் அவ்வப்போது இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் அது எவ்வாறு உண்டாயிற்று என்று எழுதப்படுவதால் அங்கே குழப்பம் நேர்வதில்லை. விளக்கமின்றித் தொங்கவிடப்படும் நம் பலகைகளில் அதே தாராளத்தைக் காட்டினால், ஊர்கோளைத் திங்களின் உறுப்பு என்று ஒரு சிறுமி எண்ணிக்கொண்டு போகக்கூடும்.

எனவே பலகைக்கு ‘வான்காட்சிப் படங்கள்’ என்ற பொதுத்தலைப்பை இடுவதே நல்லது. ‘வான்’ மழையையும் ஆகாயத்தையும் சேர்த்தே சுட்டும் என்பதால், அத்தலைப்பின்கீழ் எதையும் விலக்க வேண்டியதில்லை. அதன் உட்பிரிவாக ‘வானியல் ஒளிப்படம்’ என்பதை மேற்சொன்ன குறுகிய பொருளில் வைத்து, ஊர்கோள், வானவில், மின்னல், புயல்முகில் ஆகியவற்றை ‘வளிமண்டலப் படம்’ என்று தனியே பிரிக்கலாம். ‘வானிலைப் படம்’ என்றால் செயற்கைக்கோள் அனுப்பும் முகில் படமும் நினைவுக்கு வந்துவிடுவதால், இவ்விடத்தில் ‘வளிமண்டலம்’ தெளிவானது. இரண்டும் கலந்த படங்களுக்கு, எடுத்தவர் எதைக் காட்ட முனைந்தார் என்பதே வழிகாட்டி. ஊர்கோளுக்குள் திங்களும் வியாழனும் அருகருகே நிற்கும் படம், அவ்விரண்டின் நெருக்கத்தைக் காட்ட எடுக்கப்பட்டிருந்தால் வானியல் பிரிவுக்குச் செல்லும். வளையத்துக்காக எடுக்கப்பட்டிருந்தால் வளிமண்டலப் பிரிவுக்குச் செல்லும். எப்பிரிவில் வைத்தாலும், நாள், நேரம், இடம், கேமரா நோக்கிய திசை ஆகிய நான்கையும் படத்தின் கீழ் எழுதிவிட வேண்டும்.