சாப்மாட்: சொல்லும் பொருளும்

சாப்மாட் என்பது துப்பாக்கியின் பெயர் இல்லை. அமெரிக்கச் சிறப்புப் படையினர் தங்கள் எம்4ஏ1 துப்பாக்கியில் தேவைக்கேற்ப மாட்டிக் கழற்றும் துணைக்கருவிகளின் தொகுப்பு அது. ‘ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் பெக்யூலியர் மாடிஃபிகேஷன்’ என்பதன் சுருக்கம்.

இதில் நம்மை இடறவைப்பது ‘பெக்யூலியர்’. பேச்சு வழக்கை வைத்து ‘விசித்திரமான’ என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். இங்கே அதற்கு ‘ஒருவருக்கே உரிய’ என்று பொருள். லத்தீனில் ‘பெக்கு’ என்றால் கால்நடை. அதிலிருந்து தனக்கென்று உள்ள சொத்தைக் குறிக்கும் ‘பெக்கூலியம்’ வந்தது, அப்புறம் ‘தனக்கே உரிய’ என்ற பொருளில் ‘பெக்கூலியாரிஸ்’. பழந்தமிழிலும் மாடு என்றால் செல்வம்தான். இரண்டு மொழியும் இங்கே ஒன்றுபோல யோசித்திருப்பது மகிழ்ச்சி தருகிறது.

அந்தப் பழைய பொருளை அமெரிக்க ராணுவம் இன்னும் வைத்திருப்பதற்குக் காரணம் பணம். 1987இல் அமைந்த சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகத்துக்குத் தனி நிதி உண்டு. எல்லாப் படைகளுக்கும் பொதுவான கருவிகளைத் தரைப்படை, கடற்படை முதலியவை தம் நிதியில் வாங்கித் தரும். சிறப்புப் படைக்கு மட்டுமே வேண்டியதுதான் ‘பெக்யூலியர்’. அதற்குத்தான் இந்தத் தனி நிதி. ஆக, இது போர்க்களத்துச் சொல் என்பதைவிடக் கணக்கேட்டுச் சொல்.

தொகுப்பை உருவாக்கியது இண்டியானா மாநிலத்தின் கிரேன் என்ற ஊரிலுள்ள கடற்படை ஆய்வு மையம். 1990களில் வந்த முதல் தொகுப்பில் நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஏகாக் குறிநோக்கி, இரவுநோக்கி அணிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் அகச்சிவப்பு லேசர், எம்203 எறிகுண்டு செலுத்தி, ஒலி தணிப்பான் எல்லாம் இருந்தன. பகலில் மலைச்சரிவில் தொலைவிலுள்ள இலக்கைப் பார்க்க வேண்டிய அதே வீரர், இரவில் குறுகிய கட்டடத்துக்குள் நுழைய வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி போதும், மேலே இருப்பதை மாற்றினால் சரி.

இந்த மாற்றத்தை எளிதாக்கியது பிக்காட்டினி ரெயில், அதாவது துணைக்கருவிகளை மாட்டுவதற்குத் துப்பாக்கியில் உள்ள, வரிசையாகக் குறுக்கு வெட்டுகள் கொண்ட பட்டை. முன்பு டார்ச் விளக்கை ஒட்டுநாடாவால் சுற்றிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. 1995இல் அமெரிக்க ராணுவம் இந்தப் பட்டையின் அளவைத் தரப்படுத்தியது: ஒரு குறுக்கு வெட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை சுமார் 10 மில்லிமீட்டர், ஒவ்வொரு வெட்டின் அகலம் 5.23 மில்லிமீட்டர். குறிநோக்கியைக் கழற்றினாலும் அதே வெட்டில் திரும்ப மாட்டலாம். குறி பெரிதாக விலகாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘சிறப்புப் படைக்குரிய மாற்றம்’ என்பது நேர் பெயர்ப்பு. ஆனால் ‘மாற்றம்’ என்றால் துப்பாக்கியின் உள்ளமைப்பையே திருத்தியதுபோல் ஒலிக்கிறது. ‘சிறப்புப் படைக்குரிய துணைக்கருவித் தொகுப்பு’ என்பதே பொருந்தும் என்பேன். முதல் முறை இப்படி விரித்து எழுதிவிட்டு, பிறகு சாப்மாட் தொகுப்பு என்று சுருக்கலாம். ரெயிலைத் தண்டவாளம் என்று எழுத வேண்டாம். தச்சர்கள் பள்ளவெட்டைக் காடி என்பார்கள். ‘காடிப்பட்டை’ என்றால் பார்த்ததுமே புரியும்.