மெழுகுவர்த்தி அளந்து தந்த காற்று

கொசுவே இல்லாத ஆய்வகத்தில் மலேரியா ஒட்டுண்ணியை எப்படி வளர்க்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நோயை உண்டாக்கும் கட்டத்தில் அது சிவப்பணுக்களுக்குள் மட்டுமே பெருகும் என்பதால், பாக்டீரியாவைப் போல அகார் என்ற ஊட்டக் கூழ் பரப்பிய தட்டில் தடவி வளர்க்க முடியாது. 1912-இல் பாஸ், ஜான்ஸ் என்ற ஆய்வாளர்கள் சில தலைமுறைகள் வரை வளர்த்துக் காட்டினர். இடைவிடாத வளர்ப்பு நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிரேகரும் ஜேம்ஸ் ஜென்சனும் 1976-இல் வெற்றி காணும் வரை கைகூடவில்லை.

வெள்ளையணுக்களுக்காக உருவாக்கப்பட்ட ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற ஊட்டக் கரைசல், மனித ரத்தச் சீரம், சிவப்பணுக்கள், 37 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஆகியவற்றோடு அவர்களுக்குத் தேவைப்பட்டது சரியான காற்று. வளர்ப்புத் தட்டுகளைக் கண்ணாடிக் கலனுக்குள் அடுக்கி, நடுவே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, மூடியிலுள்ள காற்றுத் துளையின் திருகைத் திறந்தபடி வைத்து, சுடர் அணைந்ததும் திருகை அடைத்தார்கள். உள்ளிருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் தீர்த்துவிட்டுத்தான் சுடர் அணைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 15 முதல் 17 சதவீதத்துக்கு இறங்கும்போதே அது அணைந்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 3 சதவீதமாக உயர்ந்திருக்கும். குறைந்த ஆக்சிஜன் ஒட்டுண்ணிக்கு உகந்தது. கார்பன் டை ஆக்சைடோ கரைசலின் பைகார்பனேட்டோடு சேர்ந்து அமிலத்தன்மையைச் சீராக வைக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, சுடரே தேவையான அளவில் நின்றுகொள்ளும் இந்த நுட்பத்தை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அவர்கள் வளர்த்த மலேரியா ஒட்டுண்ணி இனமான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்துக்கு இந்தக் காற்று ஏன் பிடிக்கிறது? முதிர்ந்த ஒட்டுண்ணியைச் சுமக்கும் சிவப்பணு, உடலின் உள்ளுறுப்புகளில் ஆக்சிஜன் குறைந்த நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் தன் சுழற்சியின் பிற்பாதியைக் கழிக்கிறது. அங்கே ஹீமோகுளோபினைச் செரித்து வளர்ந்து, ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அணுவை உடைத்து வெளியேறிப் புதிய அணுக்களுக்குள் நுழைகிறது. தட்டிலும் இதுவே நடக்கிறது. நாள்தோறும் கரைசலை மாற்றி, அவ்வப்போது புதிய சிவப்பணுக்களைச் சேர்த்துவந்தால் வளர்ப்பு தொடரும். ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இளம் ஒட்டுண்ணி செந்நிறப் புள்ளி பதித்த நீல மோதிரமாகத் தெரியும்.

இந்தியாவில் பரவலாக உள்ள வைவாக்ஸ் என்ற மற்றொரு மலேரியா ஒட்டுண்ணி இனம் இந்த முறைக்கு இன்னும் வசப்படவில்லை. அது இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளையே நாடுகிறது. அவை ரத்தத்திலுள்ள சிவப்பணுக்களில் ஏறத்தாழ 1 சதவீதம் மட்டுமே. உயிரைப் பெரிதும் பறிப்பது ஃபால்சிபாரம் என்பதற்காக வைவாக்ஸ் ஆய்வுக்கான நிதியைச் சுருக்குவது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. நிலையான வளர்ப்பு இல்லாததால், வைவாக்ஸ் ஆய்வாளர்கள் நோயாளியிடமிருந்து எடுத்த ரத்தத்தில், ஒட்டுண்ணி ஒரு சுழற்சியை முடிப்பதற்குள் மருந்துச் சோதனையைச் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது.